வெட்டிய தகடு வளராது

பிள்ளைகளே, விமானத் தகட்டு வேலையிலேயே என் தலை நரைத்தது. அந்த வேலை கற்றுக்கொடுத்ததை உங்களிடம் சொல்லி வைக்கிறேன்.

அமெரிக்காவில் விமானப் பாகங்கள் அடங்கிய கிட் வாங்கி, வீட்டுக் கராஜிலேயே விமானம் கட்டிப் பறப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. வேலையில் பெரும்பகுதியைத் தங்கள் கையாலேயே செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஒரேகான் மாநிலத்தின் வான்ஸ் நிறுவனத்து கிட் ஒன்றைக் கட்டிய இளைஞருக்கு நான் துணை நின்றேன். இறக்கையின் தோல் 2024-டி3 அலுமினியக் கலவை. சில இடங்களில் கனம் 0.025 அங்குலம்தான்.

ஓரம் சற்று நீண்டிருந்தது. "கோட்டின் மேலேயே வெட்டிவிடலாமே ஐயா" என்றார். "வேண்டாம் தம்பி, கோட்டுக்கு வெளியே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள், மிச்சத்தை அரத்தால் தேய்த்து எடுங்கள்" என்றேன். ரிவெட் துளையின் நடுவிலிருந்து ஓரம்வரை ரிவெட் விட்டத்தைப் போல் இரு மடங்காவது இடம் வேண்டும். 3/32 அங்குல ரிவெட்டுக்கு 3/16 அங்குலம். அதில் குறைந்தால் தகடு பாழ். அவர் கிளீக்கோ என்னும் தற்காலிகப் பிடிப்பான்களை மாட்டிப் பொருத்திப் பார்த்தார், கழற்றினார், தேய்த்தார், மறுபடியும் மாட்டினார். மாலைக்குள் ஓரம் கோட்டில் வந்து நின்றது. கூடுதலாக இருப்பதைக் குறைக்கலாம். குறைந்துபோனதைக் கூட்ட வழியில்லை. கோபத்தில் பேசும் பேச்சுக்கும், அவசரத்தில் முறிக்கும் உறவுக்கும் இதுவே கணக்கு.

நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு மூத்த மெக்கானிக், தகட்டில் இரும்பு ஊசியால் கோடு கிழிக்க யாரையும் விடமாட்டார். அந்த வகை அலுமினியக் கலவைத் தகட்டின் இருபுறமும் தூய அலுமினியப் படலம் மெல்லியதாகப் போர்த்தியிருக்கும். கீறல் அதைக் கிழித்தால் அரிப்பு நுழையும். அதே கீறலில் விரிசலும் பிறக்கும். ஆகவே மெல்லிய மார்க்கர் பேனாவால்தான் கோடு. துளையிட்டபின் ஒவ்வொரு துளையின் பிசிறையும் இருபுறமும் நீக்கச் சொல்வார். ரிவெட் அடித்தபின் அந்த விளிம்பை எவரும் பார்க்கப்போவதில்லை. இருந்தும் விடமாட்டார்.

அந்தக் கண்டிப்பின் அருமையை உலகமே அறிந்த நாள் ஒன்று உண்டு. 1988 ஏப்ரல் 28 அன்று, ஹவாய்த் தீவுகளின் மேலே பறந்த அலோஹா நிறுவனத்து போயிங் 737-இன் மேற்கூரை நடுவானில் பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகளின் ஒட்டு விட்டுப்போய், ரிவெட் துளைகளில் தோன்றிய சிறு விரிசல்கள் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து ஒன்றுகூடியதே காரணம். பெரிய கேடுகள் பெரும்பாலும் கண்ணுக்குப் படாத இடத்தில்தான் கருக்கொள்கின்றன.

ஆகவே பிள்ளைகளே, ஒரே வேலையைப் பத்தாம் முறை செய்யும்போது சலிப்பு வரும். வரட்டும், கை மட்டும் தளர வேண்டாம். பொறுமை என்பது சும்மா காத்திருப்பது அன்று. சரியாகும்வரை செய்துகொண்டே இருப்பது. யாரும் பார்க்காத விளிம்பையும் சீராக்கி வையுங்கள். அதை நம்பித்தான் ஒருவர் தம் குடும்பத்தோடு வானில் ஏறப்போகிறார்.