அப்பாவின் ரூட்டும் எறும்பின் ரூட்டும்



அறிவியல் கண்காட்சியில் என் சார்ட்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அது என்னடா 12 வீடு?" நான் "சும்மா ஒரு உதாரணம்" என்று சொல்லி மழுப்பிவிட்டேன். அது பொய். அந்தப் 12 வீடும் நிஜ வீடுகள். எங்க அப்பா தினமும் காலையில் மீன்பாடி வண்டியில் 20 லிட்டர் தண்ணி கேன் எடுத்துப் போய்ப் போடுகிற வீடுகள். மந்தைவெளியில் ஆரம்பித்து, சித்திரக்குளம், மாட வீதிகள், லஸ் என்று சுற்றிக் கடைக்கே திரும்பி வருவார்.

சார்ட் பிறந்த கதை இதுதான். நம்ம கம்ப்யூட்டர் சார், என்பிடெல் பாடம் ஒன்றைப் பார்க்கச் சொன்னார். (என்பிடெல் என்பது 2003-ல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து தொடங்கியது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.) பாடம் நடத்தியவர் நம்ம அடையாறு பக்கத்து ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியராக இருந்த தீபக் கேமானி. செயற்கை அறிவு பற்றிய பாடம் என்று உட்கார்ந்தால், நடுவில் எறும்பு வந்தது!

பெல்ஜியத்தில் டெனூபூர் என்ற விஞ்ஞானியும் அவர் நண்பர்களும் 1980-களின் கடைசியில் ஒரு சோதனை செய்தார்கள். எறும்புக் கூட்டுக்கும் தீனிக்கும் நடுவே ஒரு பாலம். அது நடுவில் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை குட்டை, இன்னொன்று அதைப்போல் இரண்டு மடங்கு நீளம். முதலில் எறும்புகள் இரண்டிலும் போயின. கொஞ்ச நேரத்தில் கிட்டத்தட்ட எல்லாமே குட்டை வழிக்கு வந்துவிட்டன. அவற்றிடம் டேப் கிடையாது, மேனேஜர் கிடையாது. போகிற வழியெல்லாம் ஒரு வாசனையை வைத்துக்கொண்டே போகும், அவ்வளவுதான். குட்டை வழியில் போனது சீக்கிரம் திரும்பி வரும். அதனால் அந்த வழியில் வாசனை சீக்கிரம் கூடும். அடுத்த எறும்பு வாசனை தூக்கலாக இருக்கிற பக்கம் போகும். இதைப் பார்த்துத்தான் இத்தாலியின் மிலான் நகரில் மார்க்கோ டோரிகோ என்ற ஆராய்ச்சி மாணவர், 1992-ல் தன் பி.எச்டி. ஆய்வில் கம்ப்யூட்டருக்குள்ளே எறும்பு விட்டார்.

நானும் வீட்டில் அட்டையில் பாலம் செய்து, சர்க்கரை வைத்துப் பார்த்தேன். எங்க வீட்டுப் பிள்ளையார் எறும்புகள் பாலத்தை மதிக்கவே இல்லை, இஷ்டத்துக்கு ஓடின. பாட்டி வந்து சர்க்கரை டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, சுற்றி மஞ்சள்தூள் போட்டுவிட்டுப் போனார். அத்தோடு சோதனை முடிந்தது.

சரி, நிஜ எறும்பு வேண்டாம் என்று பைத்தானில் 10 பொய் எறும்புகள் செய்தேன். அப்போதுதான் அப்பாவின் 12 வீடு ஞாபகம் வந்தது. 12 வீட்டை எத்தனை வரிசையில் சுற்றலாம் தெரியுமா? 47,90,01,600 வரிசை! ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக எறும்புகள் சுற்றட்டும், குறைந்த தூரம் சுற்றியது நிறைய வாசனை வைக்கட்டும் என்று விட்டேன். தூரத்தை மேப்பில் அளந்து போட்டேன். 100 சுற்றில் விடை வந்தது. அப்பா போகும் வழி 4.6 கிலோமீட்டர், எறும்பு சொன்ன வழி 3.9.

ராத்திரி பெருமையாகப் பேப்பரை நீட்டினேன். "டெய்லி 700 மீட்டர் வேஸ்ட் பண்றப்பா" என்றேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே இடது கையில் வாங்கிப் பார்த்தார்.

"மூணாவது மாடி வீட்ட கடைசில வெச்சிருக்கியேடா. அதுக்குள்ள கை விட்டுப்போயிருக்கும்."

"..."

"கேன் ஃபுல்லா இருக்கும்போது பெடல் மிதிச்சுப் பாத்திருக்கியா? லஸ்ஸு தூரம். பாதி கேன் எறங்கினப்புறம்தான் அங்க போவணும்."

12 கேன் என்றால் 240 கிலோ. இதை நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் தூரத்தோடு எடையையும் மாடியையும் சேர்த்துத் திரும்பவும் எறும்பு விட்டேன். இந்தத் தடவை வந்த விடையில் 9 வீடு அப்பா போகிற வரிசையிலேயே வந்தது. நான் அதை அவரிடம் காட்டவில்லை. காட்டியிருக்கலாம்.

இன்னொரு தகராறு பாக்கி இருந்தது. நம்ம ஏரியாவில் மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை நடப்பது எல்லாருக்கும் தெரியும். நேற்றுப் போன தெருவில் இன்றைக்குத் தகரத் தடுப்பு நிற்கும். ப்ரோகிராமில் ஒரு தெருவை மூடினேன். எறும்புகள் எப்படியோ சுற்றிப் போயின. திரும்பத் திறந்தேன். ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை! பழைய சுற்று வழியையே பிடித்துக்கொண்டன. எங்கே தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். தப்பு ஒரே ஒரு எண்ணில் இருந்தது. வாசனை எவ்வளவு வேகமாக ஆவியாக வேண்டும் என்ற எண்ணைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். என் எறும்புகளுக்கு எதுவும் மறக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் நிஜ எறும்புக்கும் இந்த வியாதி உண்டு. அந்தப் பெல்ஜியம் சோதனையிலேயே, நீள வழி பழகினபிறகு குட்டை வழியைத் திறந்தபோது எறும்புகள் நீள வழியிலேயே போய்க்கொண்டிருந்தன. அதனால்தான் டோரிகோ தன் பொய் எறும்புகளுக்கு, ஒவ்வொரு சுற்றிலும் வாசனை குறைகிற மாதிரி வைத்தார். நானும் எண்ணைக் கூட்டினேன். 30 சுற்றில் எறும்புகள் திறந்த தெருவுக்கு வந்துவிட்டன. அதிகமாகக் கூட்டினாலும் ஆபத்துதான். எல்லாம் மறந்துபோய் கண்டபடி அலையும்.

அப்பாவுக்கு இந்த எண் கையில் இருக்கிறது. தடுப்பு வைத்தால் டீக்கடையில் விசாரித்து அன்றைக்கே வழியை மாற்றுவார். எடுத்த மறுநாள் பழைய வழியில் இருப்பார்.

"இது வண்டி ஓட்ட மட்டும் இல்லை, போனுக்கும்தான்" என்றார் சார். டோரிகோவும் டி காரோ என்பவரும் 1998-ல் இதே முறையில் நெட்வொர்க்கில் சின்னச் சின்ன எறும்புப் பொட்டலங்களை அனுப்பி, தகவல் போக நல்ல வழி தேடினார்கள். சார் ஒரு தடிப் புத்தகத்தையும் காட்டினார். ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் சி. சிவராம் மூர்த்தி, பி.எஸ். மனோஜுடன் எழுதி 2004-ல் வந்தது. டவரே இல்லாமல், ஒரு கருவி பக்கத்துக் கருவிக்கு, அது அடுத்ததுக்கு என்று செய்தியைக் கைமாற்றும் நெட்வொர்க்குகள் பற்றியது. எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. ஆனால் எதற்கு என்று புரிந்தது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரியில் அத்தை வீட்டுக்குள் தண்ணீர். டவருக்குக் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. இரண்டு நாள் பாட்டி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அப்பா நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அத்தை மொட்டைமாடியில் நன்றாகத்தான் இருந்தார். அந்த மாதிரி நேரத்தில் வீட்டுக்கு வீடு போன் வழியாகச் செய்தி தாண்டிப் போகலாம். ஆனால் ஒரு போன் சார்ஜ் தீர்ந்து அணையும், இன்னொன்று ஆளோடு நகரும். நேற்றைய வழியை நம்பி உட்கார முடியாது. அங்கேயும் மறக்கிற வேகம்தான் கணக்கு.

கண்காட்சி அன்று மத்தியானம், பள்ளிக்குக் கூடுதல் கேன் வேண்டுமென்று போன் போய், வந்தது அப்பா. தோளில் கேனோடு என் சார்ட் முன்னால் நின்றார். தன் வழியை அவரே கண்டுபிடித்துவிட்டார். கண் மேலிருந்து கீழே போனது. "ஆறாம் நம்பரு காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கப்பா, போன வாரமே" என்றார் மெதுவாக. போய்விட்டார்.

நான் விரலை நனைத்து ஆறாம் எண்ணைத் தேய்த்தேன். ஸ்கெட்ச் பேனா மை முழுசாகப் போகவில்லை, நீலமாகத் தீற்றிக்கொண்டது. பக்கத்து ஸ்டால் நண்பன், "கேன் போடறவருக்கு இது எப்படிடா தெரியும்?" என்று கேட்டான். அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதியாயிற்று.

— பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்