ஆணைக்குழுவும் அளவுகோலும்

உயர்கல்வியைப் பற்றிப் பேசுவோர் துணைவேந்தரைப் பற்றிப் பேசுவர். பேராசிரியரைப் பற்றிப் பேசுவர். மாணவர் போராட்டங்களைப் பற்றியும் பேசுவர். ஆனால், எந்த மாணவர் எந்தப் பீடத்தினுள் நுழைவார், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு நிதி செல்லும் என்பவற்றைத் தீர்மானிக்கும் அலுவலைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. கொழும்பு, வாட் பிளேசில் அமைந்துள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அலுவல் அது. அதனை ஏற்போர்க்கு வேண்டிய அறிவு யாது, அறம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘மானியம்’ என்னும் பெயரைக் கொண்டு அதனைப் பணம் பகிரும் நிறுவனமென மட்டும் கருதுதல் பொருந்தாது. 1919ஆம் ஆண்டு பிரித்தானியாவில் அமைக்கப்பட்ட மானியக் குழு, பல்கலைக்கழகங்களுக்கு அரச நிதியைப் பகிர்வது பற்றி ஆலோசனை கூறவே தோன்றியது. இந்தியா, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தனது ஆணைக்குழுவுக்குத் தரம் பேணும் பொறுப்பையும் அளித்தது. இலங்கையிலே 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய உயர்கல்விச் சபை சில காலம் இயங்கியது. பின்னர், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் இன்றைய ஆணைக்குழுவை உருவாக்கிற்று. பேராசிரியர் ஸ்டான்லி கல்பகே அதன் முதலாவது தலைவராவார். உயர்கல்வியைத் திட்டமிடல், நிதியைப் பங்கிடல், கல்வித் தரத்தைப் பேணல், நிருவாகத்தையும் மாணவர் அனுமதியையும் ஒழுங்குபடுத்தல் என்பன அதன் கடமைகள். இவற்றுள் மாணவர் அனுமதியே எங்கள் லயங்களின் வாசல்வரை வந்து சேர்வது.

நானுஓயாவிலே தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் லயத்தில் ஆணைக்குழுவின் பெயரை முழுமையாகச் சொல்லத் தெரிந்தவர் மிகச் சிலரே. ஆயினும், உயர்தர வகுப்பிற் பிள்ளையொன்று படிக்கும் எந்த வீட்டிலும் ‘வெட்டுப்புள்ளி’ என்னும் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. அச்சொல்லின் பின்னால் நிற்கும் கணக்கு இருவகைப்பட்டது. முதலாவது, இசெட் புள்ளி. வெவ்வேறு பாடங்களில் எடுத்த புள்ளிகளை அப்படியே கூட்டி ஒப்பிட முடியாதாகையால், ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்பர். 2001ஆம் ஆண்டளவில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது, இடப் பங்கீடு. பெரும்பாலான பாடநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைக்கும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்துக்கும், 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் உரியன. நுவரெலியா அப்பதினாறனுள் ஒன்று.

கலைத்துறைப் பாடநெறிகளுக்குப் பெரும்பாலும் திறமை வரிசையே அடிப்படையாதலால், மாவட்ட ஒதுக்கீட்டின் பயனை நேரே துய்த்தவள் அல்லேன். எனினும், “குறைந்த புள்ளியோடு உங்கள் மாவட்டத்தார் மருத்துவபீடம் புகுவது நியாயமா?” என்று விடுதித் தோழியொருத்தி வினவியபோது விடை கூறும் கடமை எனக்கு உண்டாயிற்று. அவ்விடையை நான் என் தாயிடமிருந்தே பெற்றேன்.

தோட்டத்திலே ஒரு நாட் சம்பளத்துக்கு விதிக்கப்பட்ட அளவு கொழுந்து எடுத்தாக வேண்டும். குறைந்தால் அரைப்பேர்தான் விழும். தளிர் செழித்த மலையில் நிற்பவளுக்கும், முதிர்ந்து கவாத்துக்குக் காத்திருக்கும் மலையில் நிற்பவளுக்கும் ஒரே அளவை விதித்தல் பார்வைக்குச் சமத்துவமாகவே தோன்றும். கூடை சுமந்தவளுக்கே அதன் அநீதி விளங்கும். மாவட்ட ஒதுக்கீட்டை அம்மாவுக்கு நான் விளக்கியபோது, “மலைக்கு மலை அளவு மாறத்தானே வேணும்” என்றார். விஞ்ஞான ஆசிரியரோ ஆய்வுகூடமோ இல்லாத பாடசாலையிற் படித்த பிள்ளையையும், அவையெல்லாம் வாய்த்த நகரப் பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்தலாகாது என்னும் கொள்கைக்கு இதனினும் தெளிவான விளக்கத்தை நான் எந்த நூலிலும் கண்டிலேன்.

ஆனால், என் தோழி யாழ்ப்பாணத்தவள். அவளது வினாவுக்குப் பின்னால் வேறொரு வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகப் புள்ளிகள் தரப்படுத்தப்பட்டன. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இவற்றால் யாழ்ப்பாண மாணவர் பலர் இடமிழந்தனர். அந்தக் காயம் இந்நாட்டின் அரசியலையே மாற்றியது என்பதை நாம் அறிவோம். அக்காலத்தில் மலையகத்தாருட் பெருந்தொகையானோர் நாடற்றவராயிருந்தனர். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதும் பெரும்பாலும் 1977க்குப் பின்னரேயாம். ஆகவே, ஒரே மொழி பேசும் இரு சமூகத்தார்க்கு ஒரே விதி இருவேறு பொருள் தந்தது. இன்றோ, யுத்தத்தாற் சிதைந்த யாழ்ப்பாண மாவட்டமும் அப்பதினாறு மாவட்டங்களுள் ஒன்றாய் நிற்கின்றது. ஒரு காலத்துக்குப் பொருந்திய அளவு இன்னொரு காலத்துக்குப் பொருந்தாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கணக்குப் பிழைத்தால் விளைவது யாது என்பதையும் நாம் கண்டுள்ளோம். 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் தோற்றினர். இரு தொகுதியினரையும் ஒன்றுசேர்த்து இசெட் புள்ளி கணித்தமை செல்லாதென 2012இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சராசரியும் நியம விலகலும் எவரெவரைச் சேர்த்துக் கணிக்கப்படுகின்றன என்னும் ஒரு வினாவிலே ஆயிரக்கணக்கான இளைஞரின் எதிர்காலம் தொங்கிநின்றது.

என் மாவட்டத்தைப் பொறுத்தவரை, அவ்வினா இன்னும் முழுமையாகக் கேட்கப்படவில்லை என்பதே என் கருத்து. ஒதுக்கீட்டின் அலகு மாவட்டம். நுவரெலியா மாவட்டத்து மக்களிற் பெரும்பாலோர் தமிழர். அவருள்ளும் பெரும்பாலோர் தோட்டத்தார். அவர்தம் தலைகளை எண்ணியே மாவட்டத்தின் பங்கு வகுக்கப்படுகின்றது. ஆனால், பங்கு வகுத்தபின் இடம் பெறுவோர் புள்ளி வரிசைப்படியே பெறுவர். பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளிற் படித்த பாடசாலையைக் கொண்டே பொதுவாக மாவட்டம் தீர்மானிக்கப்படுவதால், வெளிமாவட்ட மாணவர் இங்கு வந்து சேர்ந்து இடங்களைப் பெறுகின்றனர் என்னும் முறைப்பாடு மலையகத்திற் பல்லாண்டுகளாகக் கேட்டுவருவது. அதனை விடுத்துப் பார்த்தாலும், மாவட்டத்தினுள்ளேயே நகரப் பாடசாலைக்கும் தோட்டப் பாடசாலைக்கும் இடையே ஒரு மலைச்சரிவளவு வேறுபாடு உண்டு. மாவட்டம் என்னும் ஒற்றைப் பெயர் அச்சரிவை மறைத்துவிடுகின்றது. எண்ணும்போது சேர்க்கப்பட்டோர், பெறும்போது காணாமற் போகின்றனர்.

இதனை ஆணைக்குழு ஒன்றே தீர்த்துவிட இயலாது. பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியரை நியமிப்பது கல்வி அமைச்சினதும் மாகாண நிருவாகத்தினதும் கடன். பல்கலைக்கழகத்தின் வாயிலைக் காப்போர், அவ்வாயிலுக்கு வரும் பாதையைச் செப்பனிடும் அதிகாரம் உடையவரல்லர். ஆயினும், எவரெவர் அப்பாதையில் வந்து சேரவில்லை என்பதை நாட்டுக்கு எடுத்துக்கூற அவரால் இயலும். விண்ணப்பங்கள் யாவும் அவர் கையிலன்றோ உள்ளன? நுவரெலியா, ஹற்றன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என இம்மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் எந்த வலயத்திலிருந்து, எத்தகைய பாடசாலையிலிருந்து எத்தனைபேர் தெரிவாயினர் என ஆண்டுதோறும் வெளியிட்டால், மாவட்ட ஒதுக்கீடு யாருக்குப் பயன்பட்டது என்பது வெளிப்படும். அதன் பின்னரே மாற்றம் வேண்டுமா, வேண்டுமெனின் எவ்வாறு என்பது பற்றி நியாயமாக வாதிட முடியும்.

பட்டம் பெற்றபின் ஆசிரியத் தொழிலுக்குச் செல்வதே எம்மூர்ப் பிள்ளைகளின் வழக்கம். அஃது உயர்ந்த தொழிலே. எனினும், எம்மவருட் சிலரேனும் இத்தகைய ஆணைக்குழுக்களின் அலுவலகங்களிலும் அமர்தல் வேண்டும் என விரும்புகிறேன். எம்மவர்க்குச் சலுகை காட்டுதற்கன்று. அட்டவணையில் ஒற்றை எண்ணாக நிற்கும் மாவட்டத்தினுள்ளே எத்தனை மலைகள் உள்ளன என்பதை அறிந்து, அதற்குரிய வினாவை உரிய மேசையில் எழுப்புதற்கே.