லுபேன், கோம், அனத்தோல்

குளிர்பெட்டிக் கதவில் மனைவி ஒரு காகிதத்தை ஒட்டியிருந்தாள். பென்சிலால் எழுதிய பதினோரு பெயர்கள். பர்னபே, லுபேன், அனத்தோல், கோம், மாலோ, பஸில், ஒக்தாவ், செவ்ரேன், எவரிஸ்த், கஸ்பார், செலஸ்தேன். பையன் என்று ஸ்கேனில் தெரிந்த மறுநாள் அது. பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் யாரோ பதினோரு பேர் வரிசையில் நின்று என்னைப் பார்ப்பதுபோல இருந்தது.

அவளுக்கு ஒரே நிபந்தனைதான். வகுப்பில் இன்னொரு பையனுக்கு அந்தப் பெயர் இருக்கக் கூடாது. நாந்த் நகரத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியை அவள். ஒரே வகுப்பில் மூன்று கப்ரியேல்களை வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு முழுக்கக் குடும்பப் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்துக் கூப்பிட்ட அலுப்பு அவளுக்கு. என் நிபந்தனையும் ஒன்றுதான். கிள்ளானில் இருக்கும் அம்மா வாய் நிறையக் கூப்பிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பட்டியலை வாசித்தேன்.

“லுபேன்.”

“என்னாது, பேனா?”

“லுபேன்மா. அது ஒரு புனிதரோட பேரு.”

“புனிதரா இருந்தா என்னா, பேனு பேனுதானே. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க சும்மா விடுமா?”

பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் பேன் என்றால் என்னவென்று தெரியாது என்றேன். “எனக்குத் தெரியும்ல,” என்றார். அதற்குமேல் பேச இடமில்லை. அனத்தோல் என்றதும், காய்ச்சலில் அனத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். 1921-இல் இலக்கிய நோபல் வாங்கியவரின் பெயர் அனத்தோல் ஃப்ரான்ஸ் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கோம் என்று நான் முடிப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்ன மாமா “மணம்” என்று சேர்த்துவிட்டு அவரே சிரித்தார். மாலோ பிரெத்தோன் மண்ணின் பெயர், கடலோரத்தில் சேன்-மாலோ என்று ஊரே இருக்கிறது. ஆனால் மலாய்க்காரர்களுக்கு நடுவே வளர்ந்த யாரும் அதை ‘மாலு’ என்றுதான் கேட்பார்கள். பையனுக்கு வெட்கம் என்று பெயர் வைக்கிறாயா என்றார் அம்மா. பஸில்? “பசியோட இருக்குற புள்ள.”

பத்து நிமிடத்தில் ஐந்து பெயர்கள் போயின. ஒவ்வொன்றும் ஏன் போனது என்று மனைவிக்கு விளக்கினேன். பேனுக்கு அவளும் சிரித்தாள், கோமணத்தை விளக்க என் பிரெஞ்சு போதவில்லை. பென்சிலால் ஐந்தையும் அடித்துவிட்டு, “சரி, உன் பட்டியல் எங்கே?” என்றாள்.

என்னிடம் பட்டியல் இல்லை. ஒரே ஒரு பெயர் இருந்தது. கவின்.

அவள் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. “கெவினா?” என்றாள்.

இதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பிரான்சில் கெவின் வெறும் பெயரல்ல, ஒரு நகைச்சுவை. 1991-இல் இந்த நாட்டில் ஆண் குழந்தைகளுக்கு அதிகமாக வைக்கப்பட்ட பெயர் அதுதான். அமெரிக்கப் படங்களும் தொடர்களும் கொண்டுவந்த பெயர், உழைக்கும் வர்க்க வீடுகளில் அதிகம் வைக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கு விண்ணப்பிக்கும் வயது வந்தபோது பெயரைக் கேட்டதுமே படித்தவர்கள் உதட்டைச் சுழித்தார்கள். பப்திஸ்த் குல்மோன் என்ற சமூகவியலாளர் பள்ளி இறுதித் தேர்வு முடிவுகளைப் பெயர்வாரியாகப் பிரித்துக் காட்டுகிறவர். எந்தப் பெயர்க்காரர்கள் உயர்தரத்தில் தேறுகிறார்கள், எந்தப் பெயர்க்காரர்கள் தேறுவதில்லை என்று பார்த்தால் பெற்றோரின் படிப்பும் வருமானமும்தான் தெரியும். கெவின்கள் கீழே இருப்பார்கள். பெயரின் குற்றமா அது? மனைவிக்கும் இது தெரியும், எனக்கே அவள்தான் சொல்லித் தந்தாள். தெரிந்தும் முகம் மாறியது.

கவின் என்றால் அழகு, சங்கப் பாடல்களில் இருக்கும் சொல் என்றேன். அவள் நம்பினாள். நகராட்சியில் நம்புவார்களா என்பதுதான் கேள்வி. பிரெஞ்சு முறைப்படி எழுத்துக் கூட்டிப் படித்தால் அது ‘கவேன்’ ஆகிவிடும். படிக்கத் தெரிந்தவர்களுக்குக் கவேன், காதில் கேட்பவர்களுக்குக் கெவின். கவினுக்கு இந்த நாட்டில் நிற்க இடமே இல்லை.

முன்பெல்லாம் இந்த வாக்குவாதத்துக்கே வழி இருந்திருக்காது. புரட்சி நாள்காட்டியின் பதினோராம் ஆண்டில், அதாவது 1803-இல், வந்த சட்டம் நாள்காட்டிகளில் இருக்கும் பெயர்களையும் பழைய வரலாற்று மாந்தர்களின் பெயர்களையும் மட்டுமே பதிய அனுமதித்தது. காலப்போக்கில் நடைமுறை தளர்ந்தாலும், பெற்றோர் விரும்பியதை வைக்கலாம் என்று தெளிவாகச் சொன்னது 1993 ஜனவரிச் சட்டம்தான். இப்போது பதிவு அதிகாரிக்குப் பெயர் உறுத்தினால் அரசு வழக்கறிஞருக்குத் தெரிவிக்கலாம், அவ்வளவுதான். வலான்சியேன் நகரில் ஒரு தம்பதி மகளுக்கு நுட்டெல்லா என்று பெயர் வைத்து, விவகாரம் நீதிமன்றம் போய், குழந்தை எல்லா ஆகித் திரும்பினாள். எல்லோரும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தோட்டத்துக் கிராணி எழுதியதுதான் பெயர் என்று வளர்ந்தவன் நான், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் எங்கள் வீட்டில் உண்மையான பிரச்சினை முதல் பெயரில் இல்லை. பின்னால் வரும் பெயரில் இருந்தது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மலேசியக் கடவுச்சீட்டில் பெயருக்கு ஒரே கட்டம்தான். ‘ஏ/எல்’ என்பதற்கு முன்னால் நான், பின்னால் அப்பா. கல்யாணப் பதிவின்போது நகராட்சிப் பெண்மணி அந்தச் சாய்கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்னால் இருந்ததை எடுத்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டார். அன்றிலிருந்து இந்த நாட்டுக்கு நான் மிஸ்டர் அப்பா.

அப்பா பால்மரம் சீவியவர். பெயர் முனியாண்டி. சூராட் பெரானாக்கில் எழுதியவர் ஆங்கில எழுத்தில் ஒரு ‘என்’னை விட்டுவிட்டார். ஐசியிலும் அப்படியே வந்தது. முனியாடி. திருத்தப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும் என்று அப்பா போகவேயில்லை. உங்கள் பேர் இனி என் பிள்ளைக்கும் அவன் பிள்ளைக்கும் குடும்பப் பெயராக வரும்பா என்று போனில் சொன்னபோது நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். “முனியாடின்னேவா?” என்றார். ஆமாம் என்றேன். “சரி, ஆடிக்கிட்டே போவட்டும்.” மறு ஆண்டு அவர் இறந்துபோனார்.

மாமியார் நல்லவர். பேறுகாலத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சாப்பாட்டு மேசையில், குழந்தைக்கு உங்கள் இருவரில் யார் குடும்பப் பெயரையும் வைக்கலாமே என்று மெதுவாகச் சொன்னார். 2005 முதல் சட்டம் அப்படித்தான். தாயின் பெயர், தந்தையின் பெயர், இரண்டும் சேர்த்து, எது வேண்டுமானாலும் வைக்கலாம். “அவனுக்கு வாழ்க்கை கொஞ்சம் சுலபமாக இருக்கும்,” என்றார். அதில் பொய் இல்லை. ஒரே தகுதியுள்ள இரண்டு விண்ணப்பங்களை வேறுவேறு பெயரில் அனுப்பிப் பார்க்கும் சோதனைகள் இங்கே பல நடந்திருக்கின்றன. அரபுப் பெயருக்குப் பதில் குறைவாகவே வருகிறது. எங்கள் கதையே உண்டு. வாடகை வீடு தேடியபோது நான் கூப்பிட்டால் வீடு போய்விட்டது என்பார்கள், அரை மணி கழித்து அவள் கூப்பிட்டால் எப்போது பார்க்க வருகிறீர்கள் என்பார்கள்.

அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு நாள் மனைவியிடம் தேவைக்கு மட்டும் பேசினேன். கோபம் மாமியார்மீது இல்லை. அவர் சொன்னதை ஒரு நொடி நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேனே, அதன்மீது.

மூன்றாம் நாள் அவள் சொன்னாள். முதல் பெயர் என் பக்கம், குடும்பப் பெயர் உன் பக்கம். பேரம் போலத்தான் இருந்தது. பிறகு இன்னொன்றும் சொன்னாள். சாதாரணப் பெயர் வைத்தால் கண் நேராகப் பின்னால் இருக்கும் பெயருக்குப் போய்விடும், பழைய பெயரென்றால் ஒரு நொடி அங்கே நிற்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அந்தப் பட்டியலா என்று கேட்டேன். “ஆரம்பத்தில் இல்லை,” என்றாள். ஆசிரியைகளின் நேர்மை சில சமயம் பயமுறுத்தும்.

பட்டியலில் கடைசியாக இருந்த செலஸ்தேன் அவளுடைய கொள்ளுத்தாத்தா. கெராந்த் உப்பளத்தில் வேலை செய்தவர். புகைப்படத்தில் தன்னைவிட நீளமான வாருகோலுடன் நிற்கிறார். அவர் காலத்தில் அது அரிய பெயரே இல்லை, நாள்காட்டியில் கிடைத்ததை வைத்தார்கள். உப்பளத்துக்காரர் பெயரை ஊர் மறந்து, இப்போது பணக்காரத் தெருக்களில் தேடிப்பிடித்து வைக்கிறார்கள். அவளுக்கு அதில் இன்னொரு பிரியமும் உண்டு. வகுப்பறைக்குள் அச்சுப் பொறியைக் கொண்டுவந்து பிள்ளைகளை எழுதி அச்சடிக்க வைத்த ஆசிரியர் செலஸ்தேன் ஃப்ரெனே. ஆசிரியைக்கு அது போதாதா?

முழுப் பெயரை முதலில் அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தேன். செலஸ்தேன் முனியாடி. எதிர் மேசைத் தோழி குவாதலூப் தீவுக்காரி. நிமிர்ந்து பார்த்து, “உன் மனைவி எங்கள் ஊரா?” என்றாள். இல்லையென்றேன். “பெயர் எங்கள் ஊர்ப் பெயராச்சே,” என்றாள்.

அன்று இரவு நெடுநேரம் படித்துக்கொண்டிருந்தேன். 1854 டிசம்பர் 24 அன்று ‘ஒரேலி’ என்ற கப்பல் குவாதலூப்பில் முதல் இந்தியக் கூலிகளை இறக்கியது. அடுத்த முப்பது சொச்சம் ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய தமிழர்கள் அவர்களில் நிறைய. ரப்பருக்குப் பதில் கரும்பு. ஒற்றைப் பெயரோடு போனவர்களின் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயரானது. அதற்கு முன்னால் நாள்காட்டியிலிருந்து ஒரு பிரெஞ்சுப் பெயர். ஹென்றி சிதம்பரம் அங்கே 1904-இல் தொடங்கி 1923 வரை, கூலிகளின் பிள்ளைகளும் பிரெஞ்சுக் குடிமக்கள்தான், அவர்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று விடாமல் போராடியவர். எர்னஸ்த் முத்துசாமி பாரிஸ் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர், எழுத்தாளரும்கூட. எழுத்துக்கூட்டு எல்லாமே கொஞ்சம் கோணல். சிதம்பரம் ‘சிதம்பரோம்’ ஆகியிருக்கிறது. அங்கேயும் ஒரு கிராணி இருந்திருப்பான்.

புதுச்சேரியில் வேறு கதை. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் சமய, சாதி வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லபோர்த் என்று எடுத்துக்கொண்டார். லபோர்த் என்றால் கதவு. நல்ல பெயர்தான். ஆனால் என் மனம் கோணல் எழுத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்த முத்துசாமியிடம்தான் போகிறது. படித்தவர் பெயரைத் தேர்ந்தார், கூலிக்குத் தேர்வே இல்லை. பெயர் தப்பியது அதனால்தான்.

நாங்கள் தேடித்தேடிக் கண்டுபிடித்த அரிய பெயர், கூலிகளின் பிள்ளைகள் நூற்றைம்பது வருடமாக வைத்துக்கொண்டிருக்கும் ரகம் என்று மனைவியிடம் சொன்னேன். “அப்படியானால் அது அரிய பெயரே இல்லை,” என்றாள். குரலில் ஏமாற்றம் தெரிந்ததா என்று கவனித்தேன். காகிதத்தில் மற்ற பத்தும் அடிபட்டிருந்தன.

அம்மாவிடம் கடைசியாகச் சொன்னது இதைத்தான்.

“செலஸ்…” என்று இழுத்தார். “செலஸ்… தேனா?”

“தேன்னுதான் முடியுதும்மா.”

“அப்ப தேனுன்னு கூப்புடலாமா?”

“கூப்புடுங்க.”

“பேனுக்கு இது தேவலாம்,” என்றார். பிறகு மாமாவைக் கூப்பிட்டு, “பையன் பேரு தேனுவாம்,” என்று சொல்வது கேட்டது.

கவின் இரண்டாவது பெயரானது. பிரெஞ்சுப் பிறப்புச் சான்றில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் வரிசையாக வைக்கலாம், கூப்பிடுவது முதல் பெயரைத்தான்.

பிறந்து ஐந்து நாளுக்குள் பதிய வேண்டும். மூன்றாம் நாள் நான் மட்டும் நகராட்சிக்குப் போனேன். மழை. அதிகாரி இளைஞர். கவின் என்று தட்டச்சு செய்யும் முன் “கெவின்?” என்று கேட்டார். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அச்சடித்த தாளை என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தையும் நிதானமாகப் பாருங்கள், பிறகு திருத்துவது அலைச்சல் என்றார். செலஸ்தேனில் முதல் ‘இ’யின் மேல் இருக்க வேண்டிய கோடு இருந்தது. கவின் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அப்பா. எம், யு, என், ஐ, ஏ, டி, வை. ஏ-வுக்கும் டி-க்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

“ஏதாவது பிழையா?” என்றார்.

இல்லை, எல்லாம் சரிதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.