உள்ளங்கைச் சிவப்பு

லுகேமியாவுக்காக அண்ணனுக்கு ஸ்டெம் செல் மாற்று செய்த நாலாவது வாரம், அவர் உள்ளங்கைகள் மருதாணி வைத்ததுபோலச் சிவந்தன. கொடையாளி நான்தான். பதறிப்போய் டாக்டரிடம் காட்டினோம். "தம்பியோட செல்லு அண்ணனைக் கடிக்குது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தோலோட நின்னா சரி. கொஞ்சமா வர்றது நல்லதுதான்."

நல்லதா? கீமோவும் கதிர்வீச்சும் புற்றைக் கொல்லும், கூடவே மஜ்ஜையும் வெந்துபோகும், காலியான வயலில் கொடையாளியின் செல்களை நாற்றாக நடுவார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். நாற்றுக்கு எதற்குச் சண்டை? இந்தச் சண்டை நல்லது என்று முதலில் கண்டது யார் என்று தேடத் தொடங்கினேன். ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையும் தனக்கு மூத்த ஒன்றைக் கைகாட்டியதால், தேடல் பின்னோக்கியே நடந்தது.

முதலில் கிடைத்தது 1990-இல் ஜெர்மனியின் ம்யூனிக்கிலிருந்து ஹான்ஸ் யோகெம் கோல்ப் குழு எழுதியது. மாற்றுக்குப் பிறகும் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா திரும்பிவிட்ட மூன்று பேருக்கு, பழைய கொடையாளியின் வெள்ளையணுக்களையே மறுபடி ஏற்றினார்கள். இன்டர்ஃபெரானும் கொடுத்தார்கள். மூவரிடமும் புற்றின் குரோமோசோம் தடயம் மறைந்தது.

அதே 1990-இல் 2,254 நோயாளிகளின் பதிவுகளை அலசிய இன்னொரு கட்டுரை. இதில்தான் எண்பதுகளின் கதை இருந்தது. ஒட்டிய செல்கள் உடம்பையே தாக்கும் ஜி.வி.எச்.டி. நோய்க்குப் பயந்து, கொடையாளியின் மஜ்ஜையிலிருந்து, அந்தத் தாக்குதலை நடத்தும் டி செல்களை நீக்கிவிட்டு ஏற்றிப் பார்த்த காலம் அது. தாக்குதல் குறைந்தது. ஆனால் நாள்பட்ட மைலாய்டு லுகேமியாக்காரர்களிடம் புற்று முன்னிலும் அதிகமாகத் திரும்பியது. வீட்டுக்காரரைக் கடிக்கிறது என்று காவல் நாயை விரட்டியதும் திருடன் உள்ளே நுழைந்த கதை. ஒரே உருவ இரட்டையரிடம் மஜ்ஜை வாங்கியவர்களுக்கும் இதே கதிதான். நானும் அண்ணனும் அச்சாக ஒன்றாக இல்லையே என்று சோதனையின்போது வருந்தியிருக்கிறேன். எச்.எல்.ஏ. என்ற திசு அடையாளம் பொருந்தினாலும் எங்கள் செல்களில் சின்னச்சின்னப் புரத வேறுபாடுகள் உண்டு. என் டி செல்கள் அவற்றைத்தான் மோப்பம் பிடிக்கின்றன. எங்களுக்குள் பொருந்தாமல் போன அந்தச் சொச்சம்தான் மருந்து.

இன்னும் பின்னால், 1979, சியாட்டில். பால் வைடன் குழு 242 பேரைப் பார்த்தது. ஜி.வி.எச்.டி. வந்தவர்களுக்கு, வராதவர்களைவிட லுகேமியா திரும்பும் வேகம் இரண்டரை மடங்கு குறைவு. துள்ளிக் குதிக்கத் தோன்றியது. அடுத்த வரியில் அடங்கிப்போனேன்: இரு தரப்பிலும் பிழைத்தவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். புற்றிலிருந்து தப்பியவர்களில் பலரை வேறு காரணங்கள் கொண்டுபோய்விட்டன. டாக்டர் தினமும் அண்ணனிடம் வயிற்றுப்போக்கைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டதன் பொருள் அன்றிரவுதான் புரிந்தது. தோலில் தொடங்குவது குடலுக்கும் ஈரலுக்கும் போனால் உயிருக்கே ஆபத்து.

தேடல் போய் நின்ற இடம் 1956, இங்கிலாந்தின் ஹார்வெல் அணு ஆராய்ச்சி வளாகம். பார்ன்ஸ், லூட்டிட் குழுவினர் லுகேமியா கொண்ட சுண்டெலிகளுக்கு உயிர்கொல்லும் அளவு எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். சொந்த இனத்து மஜ்ஜை பெற்ற எலிகள் லுகேமியா திரும்பிச் செத்தன. வேற்றினத்து மஜ்ஜை பெற்றவற்றுக்கு லுகேமியா திரும்பவில்லை. ஆனால் பேதி கண்டு, மெலிந்து, அவையும் செத்தன. கதிர்வீச்சுக்குத் தப்பும் புற்றுச் செல்களைப் புதிதாகக் குடியேறும் செல்கள் எதிர்ப்புச் சக்தியால் அழிக்கக்கூடும் என்று அவர்கள் அப்போதே எழுதிவிட்டார்கள். டி செல் என்ற பெயரே பிறக்காத காலம். அந்தப் பெயருக்குக் காரணமான தைமஸ் சுரப்பியின் வேலையை ஜாக் மில்லர் கண்டறிந்ததே 1961-இல்தான். மருந்தும் நஞ்சும் ஒரே கூண்டில் செத்துக்கிடந்திருக்கின்றன. மனிதரிடம் அதை உறுதிசெய்ய முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அம்மாவுக்கு எலிக்கதை பிடிக்கவில்லை. ஊரிலிருந்து தினமும் போனில் ஒரே கேள்வி: "சிவப்பு போயிடுச்சாப்பா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கும்மா."

இதை நான் ஏன் சந்தோஷமாகச் சொல்கிறேன் என்று அவருக்கு ஒரே எரிச்சல்.