மேல் நோக்கும் அம்பு

ஒரு தடவை சொன்னதை இன்னொரு தடவை சொல்வதென்றால் எனக்கு வேப்பங்காய். ஆகையால் என் மருமான் வீட்டுக் கம்ப்யூட்டரில், யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த லினக்ஸை ஏற்றிவிட்டு, "நீங்க அடிக்கிற கட்டளையெல்லாம் இது ஞாபகம் வச்சுக்கும், மாமா. மேல் நோக்கும் அம்பை அமுக்கினால் பழைய வரி திரும்பி வரும்" என்றபோது, எனக்கு உண்டான ஆனந்தம் கொஞ்சநஞ்சமல்ல.

நம் கட்டளையைக் கேட்டு இயந்திரத்திடம் சேர்ப்பிக்கும் காரியஸ்தருக்கு 'ஷெல்' என்று பெயர். ஆதியில் இவருக்கு ஞாபகசக்தியே கிடையாது. நீண்ட வரியில் ஓர் எழுத்துப் பிசகினாலும் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். 1970-களின் பிற்பகுதியில், கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் இருந்த பில் ஜாய், தம்முடைய 'சி ஷெல்'லுக்கு ஞாபகத்தைக் கொடுத்தார். இரண்டு ஆச்சரியக்குறி போட்டால் முந்தைய கட்டளை மறுபடி நடக்கும். பெல் ஆராய்ச்சிச்சாலையின் டேவிட் கார்ன் 1983-ல் அறிமுகப்படுத்திய ஷெல்லில், பழைய வரியைக் கண்ணெதிரே வரவழைத்து, புரூப் திருத்துவதுபோல் திருத்தலாம். 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளிவந்த 'பாஷ்'தான் என் வீட்டுக் காரியஸ்தர். கன்ட்ரோலையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அமுக்கி, நாலு எழுத்து அடித்தால் போதும். அந்த எழுத்துக்கள் உள்ள கடைசிக் கட்டளையைத் தேடிக்கொண்டு வந்து நிறுத்துவார்.

ஒரு நாள் இரவு, எழுதிக்கொண்டிருந்த நாவலின் பதினோரு அத்தியாயங்களுக்கும் நகல் எடுக்க நினைத்தேன். 'அத்தி' என்று அடித்தேன். வரி வந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடச் சோம்பல். என்ட்டரைத் தட்டினேன்.

வந்தது நகல் எடுக்கும் வரியல்ல! முந்தின வாரம், வேண்டாமென்று கழித்த ஒரு கதையின் அத்தியாயங்களை அழிப்பதற்கு நான் கொடுத்த வரி. 'நிச்சயந்தானா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குப்பைக் கூடையில்கூடப் போட்டு வைக்கவில்லை. பதினோரு அத்தியாயங்களும் போயின.

மறுநாள் மருமான் பார்த்துவிட்டு, "கட்டளையிலே தப்பில்லை, மாமா. போன வாரம் வேறே போல்டர்லே இருந்து சொன்னீங்க. நேத்து இந்த போல்டர்லே இருந்து சொன்னீங்க. என்ன சொன்னோம்கிறதுதான் அதுக்கு ஞாபகம் இருக்கும். எங்கே நின்னு சொன்னோம்கிறது இருக்காது" என்றான்.

எனக்கு என் சிநேகிதர் ஒருவர் நினைவு வந்தது. என் வீட்டுத் திண்ணையில் நான் சொன்ன ஒரு பரிகாச வார்த்தைக்கு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அதே வார்த்தையை அவர் பெண்ணின் கல்யாணத்தில், சம்பந்திகளுக்கு நடுவே சொன்னேன். ஒரு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. வார்த்தை ஒன்றுதான்.

மூன்று மாதம் உட்கார்ந்து அத்தியாயங்களைத் திரும்ப எழுதினேன். ஏழாவது அத்தியாயத்தில் ஒரு கிழவி பேசுவாள். அவள் பேச்சு மட்டும் திரும்பி வரவே இல்லை.

இப்போதெல்லாம் பழைய வரி வந்ததும் கையை எடுத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழுவதும் படிக்கிறேன். அதற்கும் முன்னால் 'பி.டபிள்யூ.டி.' என்று அடிக்கிறேன். பொதுப்பணித் துறை அல்ல. நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்லும் கட்டளை அது. அதை மட்டும் அம்பை அமுக்கி வரவழைப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகவே அடிக்கிறேன்.