மணமக்களோடு இறைவன் செல்லும் ஏழூர்

கல்யாணம் முடிந்த வீட்டில் கடைசியாக எஞ்சும் கடமை ஒன்று உண்டு. பந்தலைப் பிரித்திருப்பார்கள், வாடகைப் பாத்திரங்கள் திரும்பிப் போயிருக்கும், உறவினரும் விடைபெற்றுச் சென்றிருப்பர். அதன் பிறகு, அரிசி கொடுத்தவர், வாழைத்தார் அனுப்பியவர், பூக்கட்டித் தந்தவர், அடுப்படியில் துணை நின்றவர் என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் மணமக்களை அழைத்துச் சென்று, நமஸ்காரம் செய்வித்து, "உங்களால்தான் எல்லாம் நல்லபடியாக நடந்தது" என்று சொல்லிவிட்டு வருவது நம் பெரியோர் வழக்கம். இந்த வழக்கத்தை இறைவனே ஆண்டுதோறும் நடத்திக்காட்டும் தலம் திருவையாறு. சப்தஸ்தானம் என்றும் ஏழூர்த் திருவிழா என்றும் அந்த வைபவத்தைச் சொல்வார்கள்.

பங்குனியும் சித்திரையும் நெருங்கிவரும் இவ்வேளையில், பிள்ளைகளோடும் பேரக்குழந்தைகளோடும் எந்தத் தலத்துக்குச் செல்லலாம் என்று எண்ணும் குடும்பங்கள் ஐயாறப்பர் திருச்சந்நிதியை நினைத்துக்கொள்ளலாம். பங்குனியில் அங்கே ஒரு திருமணம்; சித்திரையில் அத்திருமணத்துக்கு நன்றி கூறும் பயணம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விழாவின் பொருள் முழுமையாக விளங்கும்.

முனிவர் கண்டெடுத்த பிள்ளை

மணமகன் நந்தியம்பெருமான். கோயிலுக்குச் செல்லும் குழந்தைகள் முதலில் தொட்டுப் பார்ப்பது நந்தியைத்தான். ஆனால் நந்திக்குப் பெற்றோர் யார், மனைவி யார், திருமணம் எங்கே நடந்தது என்று கேட்டால் பெரியவர்களிலேயே பலர் விழிப்பர்.

சிலாத முனிவர் என்பவர் பிள்ளை வரம் வேண்டி ஐயாறப்பரை நோக்கித் தவம் புரிந்தார். யாகம் செய்வதற்காக நிலத்தை உழுதபோது பெட்டி ஒன்று வெளிப்பட்டது. அதனுள்ளே குழந்தை ஒன்று இருந்தது. அவ்வாறு கிடைத்த பிள்ளைக்கு ஆயுள் பதினாறு ஆண்டுகளே என்பதும் இறைவன் வாக்காக இருந்தது. ஜபேசர் என்ற பெயரோடு வளர்ந்த அப்பிள்ளை, தம் ஆயுளின் அளவை அறிந்ததும் கலங்கி நின்றுவிடவில்லை. நீரில் நின்று கடுந்தவம் புரிந்தார். உடல் நலிந்து நின்ற அந்தச் சிறுவனுக்கு இறைவன் எழுந்தருளி வந்து ஐந்து வகை நீரால் அபிஷேகம் செய்வித்து, நலிவை நீக்கி, அழியா வாழ்வை அருளினார். ஊருக்கு ஐயாறு என்ற பெயர் வந்ததற்கு இதனையும் ஒரு காரணமாகச் சொல்வர். தஞ்சையிலிருந்து வருவோர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்னும் ஐந்து ஆறுகளைக் கடந்து இத்தலத்தை அடைவதால் வந்த பெயர் என்பாரும் உண்டு.

ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் அப்பிள்ளையைத் தம் மகனாகவே ஏற்றனர். சிவகணங்களுக்குத் தலைமையும் அளித்தனர். பெறாத பிள்ளையைப் பெற்ற பிள்ளையாக ஏற்றுக்கொண்ட அந்தப் பெற்றோர், உரிய காலத்தில் அவருக்கு மணம் முடித்து வைக்கவும் முன்வந்தனர்.

மழபாடியில் மணம்

மணமகள் சுயசாம்பிகை, வியாக்கிரபாத முனிவரின் மகள். திருமணம் நடப்பது கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடி வைத்தியநாத சுவாமி கோயிலில். பங்குனி மாதப் புனர்பூச நட்சத்திரத்தன்று ஐயாறப்பரும் அம்மையும் மாப்பிள்ளைக் கோலத்தில் உள்ள நந்தியெம்பெருமானை அழைத்துக்கொண்டு திருவையாற்றிலிருந்து புறப்படுகின்றனர். வழிநெடுக ஊரார் வரவேற்க, கொள்ளிடத்தைக் கடந்து மழபாடியை அடைகின்றனர். மேளதாளமும் சீர்வரிசையும் வேத கோஷமும் சூழ மாங்கல்யதாரணம் நடைபெறுகிறது.

நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம் என்பது அப்பகுதியில் வழங்கும் பழமொழி. மகளுக்கோ மகனுக்கோ வரன் அமையவேண்டும் என்ற கவலையோடு வந்து நிற்கும் பெற்றோரை அந்தக் கூட்டத்தில் நிறையக் காணலாம். பேத்தியின் ஜாதகத்தைச் சுவாமி பாதத்தில் வைத்து எடுக்க வரும் பாட்டிமார்களும் உண்டு.

ஊர்தோறும் ஒரு சீர்

இறைவனின் பிள்ளைக்குத் திருமணம் என்றாலும் அதனை இறைவன் தனியாக நடத்திவிடவில்லை. அண்டை ஊர்களிலிருந்து பொருள்கள் வந்தன என்பது தலவரலாறு. திருப்பழனத்திலிருந்து பழங்கள் வந்தன. திருச்சோற்றுத்துறையிலிருந்து விருந்துக்கு அன்னம் வந்தது. திருவேதிகுடியிலிருந்து வேதியர் வந்தனர். திருக்கண்டியூரிலிருந்து அணிகலன்களும், திருப்பூந்துருத்தியிலிருந்து மலர்களும், திருநெய்த்தானத்திலிருந்து வேள்விக்கு நெய்யும் வந்து சேர்ந்தன. ஊரின் பெயரே அது கொடுத்த சீரை நினைவூட்டும்படி பெரும்பாலும் அமைந்திருப்பதால், ஒருமுறை சொன்னால் குழந்தைகளுக்கு மறப்பதில்லை.

உதவிய அந்த ஆறு ஊர்களுக்கும் மணமக்களை அழைத்துச் சென்று நன்றி பாராட்டும் பயணமே ஏழூர்த் திருவிழா. சித்திரை மாத விசாக நட்சத்திரத்தன்று ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கிலும், நந்திகேசுவரரும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் எழுந்தருளிப் புறப்படுகின்றனர். 'இன்னின்னது வேண்டும்' என்று ஊரார் இறைவன் வாசலில் வந்து நிற்பதே உலக வழக்கு. அன்று ஒருநாள், இறைவன் ஊரார் வாசலுக்கு வந்து நிற்கிறார்.

ஏழூர் நடை

முதலில் திருப்பழனம். திருவையாற்றுக்குக் கிழக்கே குடந்தை சாலையில் 4 கி.மீ. தொலைவில் உள்ளது. இறைவன் ஆபத்சகாயர், ஆபத்தில் துணை நிற்பவர் என்பது பொருள். அருகிலுள்ள திங்களூர், நாவுக்கரசர் மீது கொண்ட பக்தியால் தம் பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரையே சூட்டிய அப்பூதியடிகளின் ஊர். சித்திரை வெயிலில் பல்லக்கைத் தொடர்ந்து நடப்பவர்களுக்கு வழியில் கிடைக்கும் ஒவ்வொரு நீர்மோர்ப் பந்தலும் அப்பூதியடிகள் தொடங்கி வைத்த அறத்தின் தொடர்ச்சியாகவே தோன்றும்.

திருப்பழனத்திலிருந்து தென்திசை நோக்கிக் காவிரியையும் குடமுருட்டியையும் கடந்தால் திருச்சோற்றுத்துறை. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படுவது ஜூன் 12 ஆம் நாள். ஆகவே சித்திரையில் ஆற்றுப்படுகை பெரும்பாலும் மணற்பரப்பாகவே இருக்கும். சுடுமணலில் கால் புதையப் பல்லக்கைச் சுமந்து வரும் சீர்பாதம் தாங்குவோரின் தோள்களைப் பார்க்கும்போது, கைகள் தாமே குவியும். பஞ்ச காலத்தில் அடியவர் ஒருவருக்கு அள்ளக் குறையாத பாத்திரம் அளித்தவர் சோற்றுத்துறை இறைவன். தொலையாச் செல்வர் என்பது அவர் திருநாமம். அங்கு வருவோரைப் பசியோடு அனுப்புவதில்லை என்பதில் ஊராருக்கு ஒரு பெருமிதம் உண்டு.

அடுத்தது திருவேதிகுடி. இறைவன் வேதபுரீசுவரர், அம்மை மங்கையர்க்கரசி. அங்கிருந்து திருக்கண்டியூர். பிரமனின் ஐந்தாம் தலையைக் கொய்த அட்டவீரட்டத் தலம் இது. செருக்கை அடக்கிய அதே தலத்தில் பிரமனும் சரசுவதியும் சந்நிதி கொண்டிருக்கின்றனர். தண்டித்த பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பிவிடாத தந்தையின் உள்ளம் அது.

பிறகு திருப்பூந்துருத்தி. ஆறுகள் சூழ்ந்த இடத்தைத் துருத்தி என்பர். பல்லக்கைப் பற்றி நினைக்கும்போது இத்தலத்தை நினையாமல் இருக்க முடியாது. முதியவரான நாவுக்கரசர் இங்கே திருமடம் அமைத்து வாழ்ந்திருந்தார். அவரைக் காண ஞானசம்பந்தர் சிவிகையில் வந்தார். எதிர்கொள்ளச் சென்ற நாவுக்கரசர் தம்மை வெளிப்படுத்திக்கொள்ளாமல் சிவிகை சுமப்போரிடையே புகுந்து தாமும் தோள் கொடுத்தார். "அப்பர் எங்கே இருக்கிறார்?" என்று சம்பந்தர் கேட்டபோது, கீழிருந்து விடை வந்தது. பதறி இறங்கிய இளையவர் முதியவரை வணங்க, முதியவர் இளையவரை வணங்கினார். தாத்தாவும் பேரனும் ஒன்றாக நின்று கேட்கவேண்டிய வரலாறு இது.

நிறைவாக மீண்டும் காவிரியைக் கடந்து வடகரையில் திருநெய்த்தானம். தில்லைஸ்தானம் என்றே இன்று வழங்குகின்றனர். இறைவன் நெய்யாடியப்பர். இங்கிருந்து திருவையாறு 2 கி.மீ. தான்.

ஒவ்வோர் ஊரிலும் அவ்வூர் இறைவன் எதிர்கொண்டு அழைக்கிறார். அவ்வூர்ப் பல்லக்கும் உடன் சேர்ந்துகொள்கிறது. இரண்டு பல்லக்குகளாகப் புறப்பட்டது பெருங்கூட்டமாகி, மறுநாள் ஏழூர்ப் பல்லக்குகளும் திருவையாற்றில் ஒருங்கே காட்சி தருகின்றன. அப்போது பொம்மை ஒன்று சுவாமிக்குப் பூப்போடும் நிகழ்ச்சி நடைபெறும். அதற்காகவே தந்தையின் தோளில் ஏறி அமர்ந்து காத்திருக்கும் சிறுவர்கள் எத்தனையோ பேர்.

குடும்பத்தோடு செல்வோருக்கு

ஏழூரும் நடப்பது எளிதன்று. ஒரு பகலும் ஓர் இரவும் நீளும் பயணம் இது. "இனி என்னால் முடியாது" என்று மூத்தவர்கள் வீட்டிலேயே தங்கிவிடுவதும், அவர்கள் வராததால் இளையவர்களும் போகாமல் இருப்பதும் பல குடும்பங்களில் நடக்கிறது. இவ்விழாவுக்கு வரக்கூடிய உண்மையான குறை இதுதான். வழி இளையவர்களுக்குத் தெரியலாம். வழியில் வரும் ஊர் கொடுத்த சீர் என்ன, அங்கே ஏன் நிற்கவேண்டும் என்பது மூத்தவர்களுக்குத்தான் தெரியும். சொல்ல ஆளில்லாமல் போனால், எஞ்சுவது கூட்டமும் மேளச் சத்தமும் மட்டுமே.

கால் வலி உள்ளவர்கள் ஏழூரும் நடக்கவேண்டும் என்று இறைவன் கேட்பதில்லை. ஐயாறப்பரை வழிபட்டு, புறப்பாட்டைத் தரிசித்துவிட்டு, ஏழூரில் ஏதேனும் ஒன்றில் நிழலான திண்ணை பார்த்து அமர்ந்துகொள்ளலாம். நடக்கக்கூடிய மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் இரண்டு ஊர் தூரமாவது பல்லக்கோடு நடக்கட்டும். புறப்படுமுன், அடுத்த ஊர் எது, அது என்ன கொடுத்தது என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். திரும்பி வந்ததும், பார்த்ததை அவர்கள் உங்களுக்குச் சொல்லட்டும். மறுநாள் எல்லோருமாகத் திருவையாற்றில் ஏழு பல்லக்குகளையும் தரிசிக்கலாம்.

முந்தைய நாளே வந்து சேருவோர் ஐயாறப்பர் கோயிலை நிதானமாகச் சுற்றிவரலாம். தருமபுர ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ள திருக்கோயில் இது. கயிலைக்குச் செல்ல இயலாது தளர்ந்த நாவுக்கரசருக்கு இறைவன் கயிலைக் காட்சியை இங்கேயே அளித்தார். நடக்க இயலாதவருக்கு இறைவன் எதிரே வருவது இத்தலத்துக்குப் புதிதன்று. முதல் இராசராசன் தேவியார் எடுப்பித்த வடகயிலாயமும் இவ்வளாகத்திலேயே உள்ளது. திருச்சுற்றில் ஓரிடத்தில் நின்று "ஐயாறப்பா" என்று அழைத்தால் ஏழுமுறை எதிரொலிக்கும் என்பர். குழந்தைகளை அழைக்கச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் அந்த இடத்தை விட்டு எளிதில் நகரமாட்டார்கள்.

செல்வோர் கையில் கொஞ்சம் கற்கண்டு, பனைவிசிறி, தண்ணீர், மாற்றுத் துண்டு ஆகியவை இருக்கட்டும். மருந்து உண்போர் வேளை தவறாமல் உண்ணவேண்டும். சிறுவர் சட்டைப் பையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணை எழுதி வைப்பது நல்லது. இயன்றவர்கள் ஒரு குடம் நீர்மோருக்கோ பானகத்துக்கோ உரியதை அவ்வூரார் கையில் கொடுத்து அறத்தில் பங்கு பெறலாம்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கி.மீ. வழியிலேயே கண்டியூர் உள்ளது. நகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. பங்குனிப் புனர்பூசமும் சித்திரை விசாகமும் எந்நாளில் வருகின்றன என்பதைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, கோயிலிலும் கேட்டு உறுதி செய்துகொண்டு புறப்படுங்கள்.

இக்காலத்தில் திருமணங்கள் மண்டபத்தில் ஒன்றரை நாளில் முடிந்துவிடுகின்றன. உதவியவர்களுக்குக் கைப்பேசியில் ஒரு வரி நன்றி போய்ச் சேர்கிறது. அதுவும் நன்றிதான். ஆனால், உலகுக்கெல்லாம் படியளக்கும் பெருமான், பழம் கொடுத்தவர் வாசலுக்கும் பூக் கொடுத்தவர் வாசலுக்கும் மருமகளை அழைத்துக்கொண்டு வெயிலில் செல்கிறார். அண்மையில் கல்யாணம் நடந்த வீட்டார், ஏழூரைத் தரிசித்துத் திரும்பியதும், தங்களுக்கு உதவிய வீடுகளில் இன்னும் போகாமல் இருப்பது எது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்து, மணமக்களோடு சென்று வருவார்களாக. ஐயாறப்பர் உவக்கும் வழிபாடு அதுவே.