எரியாமல் தப்பிச்ச படங்கள்!

வெளிநாட்டுல தாத்தா காலத்து சவரக்கத்தியைத் தேடிப் பிடிச்சு, துரு நீக்கி, தீட்டி, கண்ணாடி அலமாரியில பளபளன்னு வைக்கிறது ஒரு பெரிய ஹாபி. 'நம்ம பாக்கெட் மணிக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா பாஸ்?'னு பெருமூச்சு விடாதீங்க. விருதுநகர்ல எண்ணெய் பரோட்டாவை ஒரு கை பார்த்துட்டு சிவகாசி பஸ் ஏறுங்க. நம்ம பர்ஸுக்கு ஏத்த கலெக்ஷன் அங்கே இருக்கு. பழைய தீப்பெட்டி லேபிள்!

சிரிக்காதீங்க மக்களே. இந்த ஹாபிக்கு 'ஃபிலுமெனி'ன்னு ஸ்டைலா ஒரு பேரே உண்டு. வாரன் டாட்ஸ்ங்கற அமெரிக்கர் இந்தியத் தீப்பெட்டிப் படங்களைத் தொகுத்து 2007-ல ஒரு புத்தகமே போட்டுட்டார். நாம குச்சி தீர்ந்ததும் தூக்கி எறிஞ்சதை, அவங்க ஓவியம்னு பார்க்கறாங்க!

பஸ் திருத்தங்கலைத் தாண்டும்போது ஜன்னல் வழியா பாருங்க. வானம் பார்த்த பூமி. விவசாயம் கைகொடுக்காத இதே வறண்ட காத்துதான், தீக்குச்சி மருந்து நமத்துப் போகாம காயவும், அச்சு மை சீக்கிரம் உலரவும் துணையா நின்னுச்சு. 1922-ல அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு இளைஞர்கள் இங்கேயிருந்து கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டாங்க. திரும்பி வந்து 1923-ல தொழிலை ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி நம்ம ஊர்க் கடைகள்ல பெரும்பாலும் இருந்தது ஸ்வீடன், ஜப்பான் பெட்டிகள். நம்ம சாமி படத்தையே போட்டு நமக்கே வித்தாங்க ஜப்பான்காரங்க. அப்புறம் சிவகாசிக்கே 'குட்டி ஜப்பான்'னு பேர் வந்ததுதான் ஹைலைட்!

பெட்டி பெருகினதும் லேபிள் அடிக்க பிரஸ் தேவைப்பட்டுச்சு. பட்டாசுக் கட்டுக்கு லேபிள், காலண்டர், டைரி, வாழ்த்து அட்டைன்னு அச்சுத்தொழில் ஊரையே வளைச்சுப் போட்டது. சாமி படங்களுக்குப் பேர் போன ஓவியர் கொண்டையராஜு இருந்தது பக்கத்துலேயே, கோவில்பட்டியில. அவரும் அவரோட சீடர்களும் வரைஞ்ச முருகனும் லட்சுமியும் சிவகாசியில அச்சாகி நாடு முழுக்கப் பூஜை அறைக்குப் போனாங்க.

தீப்பெட்டியில மட்டும் ஏன் இத்தனை மயில், புலி, சாவி, கப்பல்? எழுதப் படிக்கத் தெரியாதவங்க நிறைய இருந்த காலம். 'அந்த மயில் போட்டதைக் குடுங்க'ன்னுதான் கடையில கேட்பாங்க. படம்தான் பேரு!

சரி, எப்படிச் சேகரிக்கிறது? பழைய மரச்சீவல் பெட்டியில லேபிளைத் தனியா அச்சடிச்சுப் பசை போட்டு ஒட்டுவாங்க. அதனால பிரிச்சு எடுக்கலாம். முதல்ல ஒரு மூலையில ஈரப்பஞ்சை வெச்சுப் பாருங்க. சாயம் போகலைன்னா, சாதாரணத் தண்ணியில ஊறவிடுங்க. தானா நழுவி வரணும்; நகத்தால சுரண்டினா போச்சு! பின்பக்கப் பசையை மெதுவா கழுவிடுங்க. மிச்சம் இருந்தா பூச்சிக்கு அதுதான் விருந்து. ரெண்டு உறிஞ்சுதாளுக்கு நடுவுல வெச்சு, மேல கனமான டெக்ஸ்ட் புக்கை ஏத்துங்க (அதுக்காவது பயன்படட்டுமே!). செலோடேப், லேமினேஷன் ரெண்டும் வேண்டவே வேண்டாம். இப்ப வர்ற அட்டைப்பெட்டியில படத்தை நேரடியாவே அச்சடிச்சிடறாங்க. அதை மடிப்பு பிரிச்சு அப்படியே வெச்சுக்கலாம். விலையையும் கவனிங்க. 50 காசு பெட்டி 2007-ல ஒரு ரூபாய் ஆச்சு. 2021 டிசம்பர் 1-ல ரெண்டு ரூபாய் ஆச்சு. லேபிளோட வயசைக் கண்டுபிடிக்க இது ஒரு க்ளூ.

இப்போ லேபிளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க. அந்தப் பசையைத் தடவினது பெரும்பாலும் பெண்களோட விரல். அதுல நிறைய பேர் சின்னப் பொண்ணுங்க. இருட்டு விலகறதுக்கு முன்னாடியே பஸ் வந்து கிராமத்துப் பிள்ளைங்களை 'தீப்பெட்டி ஆபீஸு'க்கு அள்ளிட்டுப் போன காலம் ஒண்ணு இருந்துச்சு. எத்தனை பெட்டி ஒட்டினாங்களோ அதுக்குத்தான் கூலி. சலம் பென்னுர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) ஆவணப்படம் அவங்களைப் பத்தினதுதான். எம்.சி.மேத்தா போட்ட வழக்குல 1996 டிசம்பர் 10-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு. ஆபத்தான தொழில்ல குழந்தையை வேலைக்கு வெச்சா, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்டணும்னு உத்தரவு. நாம 'என்னா கலர்டா!'ன்னு ரசிக்கிற படத்தை, ஸ்கூலுக்குப் போக வேண்டிய ஒரு பொண்ணு நாள் முழுக்க ஒட்டியிருக்கலாம்.

அதனால ஆல்பத்துல லேபிளுக்குக் கீழே ரெண்டு வரி இடம் விடுங்க. சிவகாசி, சாத்தூர் பக்கம் உங்க ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போனா, ஆச்சிகிட்டயோ அத்தைகிட்டயோ உட்கார்ந்து பேசுங்க. எந்த வயசுல பெட்டி ஒட்டப் போனாங்க, ஒரு நாளைக்கு எத்தனை குரோஸ், என்ன கூலி, எந்தக் கிளாஸோட படிப்பு நின்னுச்சு... கேட்டு, அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைங்க. லேபிளை வெளிநாட்டுக்காரங்களும் பத்திரமா வெச்சிருக்காங்க. ஆச்சி கதையைக் கேட்டு எழுத நீங்கதான் போகணும்.

போகும்போது சாத்தூர் சேவு ஒரு பொட்டலம் வாங்கிட்டுப் போங்க. பேச்சு சீக்கிரம் முடியாது!